அயவாஸ்கா, ஹுரேமா, சான் பெட்ரோ, ஊமத்தை: கசாயங்களின் மனவிளைவை எதை வைத்து ஒப்பிடுவது?

வெள்ளவத்தை வாசகன்

அமேசன் பக்கத்து அயவாஸ்கா, கொலம்பியாவின் யாகே, வடகிழக்குப் பிரேசிலின் ஹுரேமா, அந்தீஸ் மலையின் சான் பெட்ரோக் கள்ளி, எங்கட வேலியோரத்து ஊமத்தை. எல்லாத்தையும் "காட்சி காட்டுற செடி" எண்டு ஒரே மூட்டையில கட்டி எழுதுறாங்கள். குடிச்ச ஆளுக்கு உள்ள நடக்கிறது ஒண்டுதானா? வேற எண்டால் வித்தியாசம் எங்கயிருந்து வருது? இலை மாறினால் அனுபவம் மாறுமா, கொடி மாறினாலா? விசயம் தெரிஞ்ச ஆக்கள் விளக்கமாக எழுதுங்கோ. "எல்லாம் மனசைப் பொறுத்தது" என்ற பதில் வேண்டாம், அது ஏற்கெனவே நிறையக் கிடக்கு.

மட்டுறுத்துநர்

தொடக்கத்திலேயே ஒரு எல்லை. காய்ச்சும் முறை, இலை கொடி எடை, எங்கே வாங்கலாம் என்பவை இந்த இழையில் வராது, வந்தால் நீக்கப்படும். இவற்றில் சிலவற்றில் இருக்கிற மனமாற்றும் பொருட்களான டி.எம்.ரி.யும் மெஸ்கலினும் 1971ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையில் மிகக் கடுமையான கட்டுப்பாட்டுக்குரிய முதலாம் அட்டவணையில் உள்ளவை. விளைவு, எவ்வளவு நேரம் நிற்கும், எந்த மருந்தோடு மோதும், ஆஸ்பத்திரிக்கு எப்போது ஓட வேண்டும் என்பவற்றைத் தாராளமாக எழுதலாம்.

மூலிகைப்பித்தன்

முதலில் இரசாயனத்தால் பிரித்துக்கொள்வோம், பிறகு அனுபவத்துக்கு வரலாம். நீங்கள் சொன்ன பட்டியலில் மூன்று வேறு வகை இருக்கிறது.

ஒன்று, டி.எம்.ரி. உள்ள கசாயங்கள்: அயவாஸ்கா, யாகே, ஹுரேமா. இரண்டு, மெஸ்கலின் உள்ளது: சான் பெட்ரோ. இந்த இரண்டு வகையும் மூளையில் செரோட்டோனின் 2ஏ வாங்கியைத்தான் (செரோட்டோனின் என்ற நரம்புச் செய்திப் பொருள் வந்து ஒட்டும் இடம்) முக்கியமாகத் தூண்டுகின்றன. மூன்றாவது ஊமத்தை, அதன் உறவான புருக்மன்சியா. இவை எதையும் தூண்டுவதில்லை. அசற்றைல்கோலின் என்ற இன்னொரு நரம்புச் செய்திப் பொருளின் மஸ்கரினிக் வாங்கியை அடைக்கின்றன. அதனால் வருவது காட்சி அனுபவம் அல்ல, சன்னி. இந்த மூன்றாவதை மற்ற இரண்டோடு ஒரே வரிசையில் வைப்பதே பிழை. அதைப் பற்றிப் பிறகு தனியாக எழுதுகிறேன்.

அயவாஸ்காவில் இரண்டு செடி. பனிஸ்தெரியோப்சிஸ் காப்பி என்கிற கொடி, சக்ருனா என்கிற சைக்கோட்ரியா விரிடிஸ் இலை. டி.எம்.ரி. இருப்பது இலையில். அதை மட்டும் குடித்தால் ஒன்றும் நடக்காது. குடலிலும் ஈரலிலும் உள்ள மொனோஅமைன் ஒக்சிடேஸ் ஏ என்ற நொதியம் இரத்தத்துக்குப் போக முன்பே அதைச் சிதைத்துவிடும். கொடியில் இருக்கிற ஹார்மினும் ஹார்மலினும் அந்த நொதியத்தைத் தற்காலிகமாகக் கட்டிப்போடுகின்றன. நரம்பில் ஏற்றிய டி.எம்.ரி. இரண்டு நிமிடத்தில் உச்சிக்குப் போய் அரை மணித்தியாலத்துக்குள் இறங்கிவிடும். கொடியோடு குடிக்கும்போது 30 முதல் 60 நிமிடத்தில் தொடங்கி, ஒன்றரை முதல் இரண்டு மணித்தியாலத்தில் உச்சம் கண்டு, நான்கு ஐந்து மணித்தியாலம் அலை அலையாக நிற்கும். பொருள் ஒன்று, ஆனால் அனுபவத்தின் வடிவமே வேறு. முன்னதில் ஆளுக்கு யோசிக்க நேரமே இல்லை. பின்னதில் பழைய நினைவு, வீட்டுச் சண்டை, செத்துப்போன ஆட்கள், செய்த பிழைகள் எல்லாம் காட்சியோடு கலந்து வரும் என்று குடித்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

கறுவாக்காடு

மூலிகைப்பித்தன் அண்ணை, அப்ப சக்ருனாவும் யாகேயில போடுற சாலிபொங்கா இலையும் ஒண்டுதானே? ரெண்டிலையும் டி.எம்.ரி. ஒரே மூலக்கூறு. "இந்த இலை மென்மை, அந்த இலை கரடு" எண்டுறதெல்லாம் பக்தர்கள் கட்டின கதை எண்டுதான் எனக்குப் படுது.

மூலிகைப்பித்தன்

பாதி சரி, தம்பி. சாலிபொங்கா என்பது டிப்ளொப்டெரிஸ் கப்ரெரானா. கொலம்பியா, ஈக்குவடோர் பக்கம் யாகேயில் போடுவது பெரும்பாலும் அதுதான். சக்ருனாவை விட அந்த இலையில் டி.எம்.ரி. செறிவு அதிகம். சில பகுப்பாய்வுகளில் அதன் உறவுப் பொருளான 5-மெதொக்சி-டி.எம்.ரி. சிறிதளவு வந்திருக்கிறது. சக்ருனாவுக்குப் பழகிய ஒருவர் அதே கிண்ணத்தை எதிர்பார்த்துக் குடித்தால் தொடக்கம் செங்குத்தாக இருக்கும், காட்சி கூர்மையாக இருக்கும், மூச்செடுக்க இடைவெளி குறைவு. "கரடு" என்று அவர்கள் சொல்வதில் பெரும்பங்கு அளவுக் கூடுதலே தவிர இலையின் குணம் அல்ல. அளவைச் சமப்படுத்தினால் எவ்வளவு வித்தியாசம் மிஞ்சும் என்பதில் எனக்கும் உங்களைப் போல் சந்தேகம்தான்.

ஆனால் கொடி விசயத்தில் அப்படிச் சொல்லிவிட முடியாது. அனுபவத்தின் நிறம் அங்கேதான் இருக்கிறது. பனிஸ்தெரியோப்சிஸ் கொடியில் முக்கியமானவை ஹார்மினும் டெட்ராஹைட்ரோஹார்மினும், ஹார்மலின் கொஞ்சம்தான். அந்த டெட்ராஹைட்ரோஹார்மின் நொதியத்தை அவ்வளவாக அடக்காது, ஆனால் செரோட்டோனின் மீள உறிஞ்சப்படுவதை இலேசாகத் தடுக்கும். பிரேசிலில் இதைச் சடங்காகக் குடிக்கிற ஒரு சங்கத்தின் உறுப்பினர்களிடம் இரத்தம் எடுத்து அளந்து 1999இல் வெளியிட்ட ஆய்வில், ஹார்மினின் அரைவாழ்வு (இரத்தத்தில் பாதியாகக் குறைய எடுக்கிற நேரம்) இரண்டு மணித்தியாலத்துக்குக் கிட்ட, டெட்ராஹைட்ரோஹார்மினுடையது ஒன்பது மணித்தியாலத்துக்குக் கிட்ட. காட்சி முடிந்த பிறகும் விடியும்வரை ஒரு மிதப்பும் தெளிவும் நிற்கிறது என்கிறார்களே, அதற்கு ஒரு காரணம் இதுவாக இருக்கலாம்.

இனி, கொடி கிடைக்காத இடத்தில் பதிலாகப் போடுகிற இஸ்பந்த் விதையைப் பாருங்கள். பெகானும் ஹர்மலா. அதிலும் ஹார்மின் இருக்கிறது, ஆனால் ஹார்மலின் பங்கு மிக அதிகம், டெட்ராஹைட்ரோஹார்மின் சொற்பம். ஹார்மலின் மூளைத்தண்டில் கீழ் ஒலிவக்கருவைத் தூண்டி நடுக்கம் உண்டாக்கும். நடுக்க நோயை ஆராய்கிறவர்கள் எலிக்கு ஹார்மலின் கொடுத்துத்தான் அந்த நிலையை வரவழைக்கிறார்கள். அதனால் இஸ்பந்த் கலந்த கசாயத்தில் கைகால் நடுக்கம், தள்ளாட்டம், கண் துடிப்பு, கடும் குமட்டல் கூடுதல். காட்சியும் இருண்டு, உடம்பு பாரமாகிக் கிடக்கும் என்பார்கள். "மலிவுப் பதிலி, விளைவு ஒன்றுதான்" என்று விற்கிறவர் சொன்னால் நம்ப வேண்டாம்.

இன்னொன்று: இஸ்பந்தில் வாசிசின் இருக்கிறது. எங்கட ஆடாதோடையில் இருக்கிற அதே வாசிசின்தான், கருப்பையைச் சுருங்கவைக்கும். கர்ப்பிணிகள் இரண்டையும் தொடக்கூடாது.

பம்பலப்பிட்டிப் பார்வை

கொடியை மட்டும் குடிச்சால்?

மூலிகைப்பித்தன்

தூக்கக் கலக்கம், உடல் பாரம், கண்ணை மூடினால் மங்கலான கோடுகள், நீண்ட கனவு. காட்சிக்காகக் குடிக்கிறவருக்கு ஏமாற்றம். ஆனால் அங்குள்ள வைத்தியர்கள் கொடியைத்தான் மருந்து என்கிறார்கள். இலை அவர்களுக்கு இரண்டாம்பட்சம். கொடியிலேயே வகை பிரிப்பார்கள்: பிரேசிலில் முடிச்சு முடிச்சாக வீங்கியது கௌபுரி, மழமழப்பானது துக்குனாக்கா. முந்தினது கூடுதலாக வாந்தி வருத்தும் என்பது அவர்களுடைய அனுபவ அறிவு.

கறுவாக்காடு

சரி, கொடி விசயத்தை ஒத்துக்கொள்ளுறன். ஹுரேமா? அதுக்குக் கொடியே வேண்டாம் எண்டு வாசிச்சன். அப்படியெண்டால் நொதியக் கணக்கு உதைக்குதே.

அரும்பு

உதைப்பது உண்மைதான். ஹுரேமா என்பது மிமோசா டெனுயிஃப்ளோரா, பாவிப்பது வேர்ப்பட்டை. 1946இல் கொன்சால்வெஸ் டி லீமா என்ற பிரேசில் இரசாயனவியலாளர் அதிலிருந்து ஓர் அல்கலொயிட்டைப் பிரித்து நிகெரின் என்று பெயர் வைத்தார்; அது டி.எம்.ரி.தான் என்று பிறகு தெரிந்தது. பழைய சடங்குக் குறிப்புகளில் கொடியோ இஸ்பந்தோ சேர்த்ததாகத் தெளிவாக இல்லை. 2005இல் அதே பட்டையில் யுரேமமின் என்ற புதுச் சேர்மம் கண்டுபிடிக்கப்பட்டதும் "இதுதான் நொதியத்தை அடக்குகிறது" என்று பலர் துள்ளினார்கள். அதற்குச் சான்று வந்து சேரவில்லை. இன்றைக்கு நகரங்களில் ஹுரேமா என்று குடிக்கப்படுவதில் பெரும்பாலும் இஸ்பந்தும் சேர்ந்திருக்கிறது. ஆகவே "ஹுரேமா பளிச்சென்று இருக்கும், வடிவக்கணிதம் கூட" என்கிற விவரிப்பில் எவ்வளவு பட்டைக்கு, எவ்வளவு விதைக்கு என்று பிரிக்கவே முடியாது.

இங்கே யாரும் தொட்டாற்சுருங்கியைப் பிடுங்கப் போகாதீர்கள். ஒரே சாதி என்பதால் ஒரே சரக்கு ஆகாது. அதில் இருப்பது மிமோசின். ஆடு மாட்டுக்கு மயிர் கொட்டவைக்கிற நஞ்சு.

சான் பெட்ரோ முற்றிலும் வேறு உலகம். மெஸ்கலினை 1897இல் ஆர்தர் ஹெஃப்டர் பெயோட்டேக் கள்ளியிலிருந்து பிரித்தார். சான் பெட்ரோவிலும் அதே பொருள்தான். அது பீனெதைலமைன் வகை, குடலில் உடனே சிதையாது, கொடித் துணை தேவையில்லை. தொடங்க ஒன்று முதல் இரண்டு மணித்தியாலம்; அந்த முதற்பகுதி பெரும்பாலும் குமட்டலில் போகும். பிறகு 10, 12 மணித்தியாலம். அயவாஸ்காவில் கண்ணை மூடினால்தான் உலகம் விரியும். இதில் கண் திறந்தே இருக்கும்: நிறம் கூடும், இலையின் நரம்பு தெரியும், நடக்கலாம், கதைக்கலாம், பக்கத்தில் இருப்பவர் மேல் பாசம் பொங்கும். நெஞ்சுத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறும். இரவெல்லாம் தூக்கம் வராது என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. மறுநாள் வேலை, வாகனம் எல்லாம் அங்கேதான் பிழைக்கும்.

ஹால்யூசினோஜன் மதிப்பீட்டு அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது, டி.எம்.ரி. ஆய்வுக்காக ரிக் ஸ்ட்ராஸ்மன் குழு 1994இல் வெளியிட்டது. உடலுணர்வு, உணர்ச்சி, புலன், சிந்தனை, சுயகட்டுப்பாடு, செறிவு என்று ஆறு கூறு. ஒப்பிட விரும்புகிறவர் "நல்லா இருந்தது, பயங்கரமா இருந்தது" என்று எழுதுவதை விட்டுவிட்டு இந்த ஆறின்படி பிரித்து எழுதினால் எவ்வளவோ பிரயோசனம். புலன் கூறு உயர்ந்தும் சுயகட்டுப்பாடு அப்படியே இருப்பதும், புலனோடு சுயகட்டுப்பாடும் போய்விடுவதும் வேறு வேறு சங்கதி.

வெள்ளவத்தை வாசகன்

கொழும்பு வீட்டுத் தோட்டங்களில உயரமாத் தூண் மாதிரி நிக்கிற கள்ளி எல்லாம் சான் பெட்ரோவா?

அரும்பு

இல்லை. தோட்டங்களில் தூணாக நிற்பவை பெரும்பாலும் செரியஸ் வகை. அதில் மெஸ்கலின் கிடையாது. அதைவிட ஆபத்தான மாறாட்டம் சதுரக்கள்ளி, சிங்களத்தில் தளுக். பெயரில் கள்ளி இருந்தாலும் அது கக்டஸ் இனமே இல்லை, யூபோர்பியா. முனையை இலேசாகக் கீறினால் வெள்ளைப் பால் வடியும். தூணாக வளரும் உண்மையான கக்டஸில் பால் வராது, முள் கிளம்புகிற இடத்தில் பஞ்சு போன்ற மெத்தை இருக்கும். அந்தப் பால் வாயையும் தொண்டையையும் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டுக் கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பார்மசிக்காரி

அனுபவம் பற்றி எல்லாரும் எழுதிற்றீங்கள். ஆளைக் கொல்லுற பகுதியை நான் எழுதுறன். நொதியத்தை அடக்குற கசாயம் எண்டால், அது கொடியோ இஸ்பந்தோ, மருந்தோட மோதும்.

மனச்சோர்வுக்குக் கிளினிக்கில குடுக்கிற ஃபுளுஒக்செற்றின்தான் முதல் ஆபத்து. நிப்பாட்டினாலும் அதின்ர வளர்சிதைப் பொருள் உடம்பில வாரக்கணக்கில நிக்கும். நொதியத் தடுப்பானுக்கு முதல் 5 கிழமை இடைவெளி எண்டு மருந்தியலில சொல்லுறது அதாலதான். சேர்ட்ரலின், எஸ்ஸிட்டலோபிராம், இமிபிரமின், குளோமிபிரமின் எண்டால் 2 கிழமை. இதை வாசிச்சுப்போட்டு ஆரும் தானா மருந்தை நிப்பாட்டக் கூடாது. நிப்பாட்டின ரெண்டாம் நாளே தலைச்சுத்தும், பதற்றமும் வரும்; பழைய வருத்தம் திரும்பினால் அது கசாயத்தை விடப் பெரிய ஆபத்து.

அடுத்தது ஆரும் மருந்தெண்டே நினைக்காத சாமான்கள். டெக்ஸ்ட்ரோமெதோர்பன் உள்ள இருமல் சிறப். தடிமன் குளிசையில இருக்கிற சூடோஎபெட்ரின். நோவுக்குக் குடுக்கிற டிரமடோல், பெத்திடின். ஆயுர்வேதக் கடையில விக்கிற பூனைக்காலி விதைப்பொடி. அதில எல்-டோபா இருக்கு, நொதியம் அடங்கியிருக்கேக்க பிறஷர் எகிறும். லித்தியம் எடுக்கிறவர் இந்த வகை எதையும் தொடக்கூடாது, வலிப்பு வரும். தனக்கோ, தாய் தகப்பன் சகோதரத்துக்கோ இருமுனை நோய், மனச்சிதைவு இருந்தால் அதோட கதை முடிஞ்சுது.

பம்பலப்பிட்டிப் பார்வை

சாப்பாட்டுக் கட்டுப்பாடு எண்டு சொல்லுறதும் இதுக்குத்தானா அக்கா?

பார்மசிக்காரி

ரெண்டு வேற விசயம். அமேசனில உப்பு, சீனி, பண்டி இறைச்சி, உடலுறவு தவிர்க்கிறது அவையின்ர விரதம். அதுக்கு அவையின்ர காரணம் இருக்கு. மருந்தியல்படி தவிர்க்க வேண்டியது டைரமின் (புளிச்ச, நாள்பட்ட சாப்பாட்டில சேருற, நொதியம் அடங்கினால் பிறஷரை ஏத்துற பொருள்) கூடின சாப்பாடு. மனச்சோர்வுக்குக் குடுக்கிற பழைய நொதியத் தடுப்பு மாத்திரைகள் மாதிரி ஹார்மின் நொதியத்தை நிரந்தரமா முடக்காது, கொஞ்ச மணித்தியாலத்தில விட்டிடும். அதால ஆபத்து அந்தளவு இல்லை. இல்லையெண்டும் இல்லை. இங்கத்தைய குசினியில டைரமின் எண்டால் மாமைற், ஜாடி எண்ட புளிக்கவைச்ச மீன், நாள்பட்ட கருவாடு, மாசி, சோயா சோஸ், முத்தின சீஸ். பிடரியில அடிக்கிற மாதிரித் தலையிடி திடீரெண்டு வந்தால் உடன பிறஷரை அளக்க வேணும்.

மூலிகைப்பித்தன்

ஊமத்தை பற்றிச் சொன்னேன். இதோ.

அற்றோபின், ஸ்கோபோலமின், ஹையோசியமின் மூன்றும் இலை, பூ, விதை எல்லாவற்றிலும் இருக்கின்றன. பெருவில் தோயே என்று புருக்மன்சியாவைச் சிலர் அயவாஸ்காவில் கலக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகளுக்குக் "காட்சி பலமாக" இருக்க வேண்டும் என்பதற்காக. இங்கே அந்தப் பூ மலைநாட்டுத் தோட்டங்களில் எக்காளம் போலத் தலைகீழாகத் தொங்கும். சக்ருனாவில் காட்சி காண்கிறவருக்கு "நான் ஒன்று குடித்திருக்கிறேன், இது அதனால்" என்பது பெரும்பாலும் தெரியும். ஊமத்தையில் அது தெரியாது. இல்லாத ஆளோடு கதைப்பார், இல்லாத சிகரெட்டைப் பற்றவைப்பார், காற்றில் நூல் பொறுக்குவார், றோட்டில் இறங்கி நடப்பார். அடுத்த நாள் ஒன்றும் நினைவிராது. ஆகவே "ஊமத்தை அனுபவம்" என்று எழுதுகிறவர்களின் விவரிப்பில் பாதி பக்கத்தில் இருந்தவர் சொன்னது.

பிழைப்பது எங்கே என்றால், செடிக்குச் செடி, ஒரே செடியில் கிளைக்குக் கிளை நச்சின் அளவு மாறும். போதாததற்கு அந்த நஞ்சு இரைப்பையின் அசைவையே மந்தமாக்கும். ஒன்றும் நடக்கவில்லையே என்று மறுபடி குடிப்பார்கள். இரண்டும் சேர்ந்து ஏறும். சன்னி 24 முதல் 48 மணித்தியாலம், கண்மங்கல் அதற்கு மேலும் நாட்கணக்கில். சிவனுக்குச் சாத்துகிற பூ என்பதால் உள்ளுக்கு எடுக்கலாம் என்று ஒரு தர்க்கம் அடிக்கடி வரும். சித்த வைத்தியத்தில் ஊமத்தை பெரும்பாலும் வெளிப்பூச்சுக்குத்தான். உள்ளுக்கு என்றால் சுத்தி செய்யாமல் எந்த வைத்தியரும் தரமாட்டார்.

பார்மசிக்காரி

மருந்து மோதி செரோட்டோனின் அளவு மீறி வாற நஞ்சேற்றத்தையும் ஊமத்தை நஞ்சையும் பக்கத்தில நிக்கிற ஆள் பிரிச்சறியிற வழி: கண்மணி ரெண்டிலையும் விரிஞ்சிருக்கும், அதைப் பாத்துப் பிரயோசனமில்லை. தோலைத் தொடுங்கோ. செரோட்டோனின் நஞ்சேற்றம் எண்டால் வியர்வையில தோய்ஞ்சிருக்கும், வயித்தால போகும், குதிக்காலைப் பிடிச்சுப் பாதத்தைச் சடாரெண்டு மேல தள்ளினால் கால் தன்பாட்டில துடிச்சுக்கொண்டே இருக்கும். ஊமத்தை எண்டால் தோல் காய்ஞ்சு சிவந்து சுடும், வாய் வறளும், வயித்தில இரைச்சலே இராது, சலம் போகாமல் அடிவயிறு வீங்கும்.

செய்ய வேண்டியது: 1990க்கு அடியுங்கோ, அம்புலன்ஸ் இலவசம். வாந்தி எண்டால் இடப்பக்கம் சரிச்சுக் கிடத்துங்கோ. உப்புத்தண்ணி குடுத்துச் சத்தி எடுக்கப் பண்ண வேண்டாம். சூடெண்டால் ஈரத்துணியும் காத்தாடியும். செரோட்டோனின் சூடு தசையிலயிருந்து வாறது, பரசிற்றமோல் அதுக்கு வேலை செய்யாது. காய்ச்சல் 39 பாகை தாண்டி உடம்பு விறைச்சால் ஒரு நிமிசமும் தாமதிக்கக் கூடாது. அலேர்ஜிக் குளிசை குளோர்பெனிரமின் குடுத்து நித்திரையாக்கப் பாக்காதேங்கோ. அதுவும் ஊமத்தை செய்யிற அதே வேலையைத்தான் செய்யும். கட்டி வைக்க வேண்டாம், திமிறத் திமிறச் சூடு ஏறும். வெளிச்சத்தைக் குறைச்சு ஒரே ஒருத்தர் மெதுவாக் கதையுங்கோ. குடிச்ச மிச்சத்தையும் செடித்துண்டையும் கடதாசிப் பையில போட்டுக் கொண்டுபோங்கோ. பொலித்தீனில வியர்த்து அழுகிப்போம். என்ன குடிச்சதெண்டு டொக்டரிட்ட மறைக்க வேண்டாம். கொழும்புத் தேசிய வைத்தியசாலையில தேசிய நச்சுத் தகவல் நிலையம் இருக்கு, வார்ட்டில இருக்கிற டொக்டர்மார் அங்க கேட்டு வைத்தியம் செய்யலாம்.

கறுவாக்காடு

கொழும்பு கேபோஸ் லேனில மருந்துச் சரக்குக் கடைகள்ல சமுத்திரப்பச்சை விதை பற்றியும் கேக்கிறாங்களாம். அதையும் இந்த ஒப்பீட்டில சேர்க்கலாமே. நீலோற்பல ரீயும் இப்ப ஒன்லைனில பெரிய கதை.

அரும்பு

சமுத்திரப்பச்சை விதையில் இருப்பது எல்.எஸ்.ஏ.; மெக்சிக்கோவின் ஒலொலியுக்கி விதையில் அல்பர்ட் ஹொஃப்மன் 1960இல் கண்ட அதே பொருள், எர்கொட் என்ற பூஞ்சையின் நஞ்சுகளுக்கு உறவு. எல்.எஸ்.டி.யின் தம்பி என்று விளம்பரம் செய்கிறார்கள். நடைமுறையில் காட்சி கொஞ்சம், மந்தமும் தூக்கமும் அதிகம், குமட்டலோடு கால் குறண்டல். இரத்தக்குழாயைச் சுருக்கும், ஒற்றைத்தலைவலிக்கு எர்கொற்றமின் எடுப்பவர், பிறஷர்க்காரர், கர்ப்பிணி விலக வேண்டும். விதைப்புக்கு விற்கிற பைகளில் பூச்சிநாசினி பூசியிருக்கலாம் என்பது வேறு.

நீலோற்பலத்தில், அதாவது நில் மானெல் என்கிற நீல அல்லியில், உறக்கத்துக்கு ஒரு தள்ளு இருக்கலாம், அவ்வளவுதான். பக்கெற்றில் வருகிற தூள் எந்தப் பூ என்பதை உலர்ந்த பிறகு கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. தாமரையும் அல்லியும் கலந்தே வருகிறது. நூசிபெரின் என்ற அல்கலொயிட் முக்கியமாகத் தாமரைக்கு உரியது, அதன் விளைவை அல்லியின் கணக்கில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

வெள்ளவத்தை வாசகன்

அப்ப நான் இப்படிப் பிரிச்சு எழுதிவைக்கிறன், பிழையெண்டால் திருத்துங்கோ: சக்ருனா, சாலிபொங்கா, ஹுரேமா ஒரு கட்டு, அதுக்குள்ள கொடியா இஸ்பந்தா எண்டு ரெண்டு நிரல். சான் பெட்ரோ தனி. சமுத்திரப்பச்சை தனி. ஊமத்தை இந்த அட்டவணைக்கே வெளியால.

மூலிகைப்பித்தன்

சரி. ஒரு நிரல் கூட்டுங்கள்: பழக்கம், அதாவது திரும்பத் திரும்ப எடுத்தால் விளைவு மங்குகிறதா என்பது. நரம்பில் ஏற்றிய டி.எம்.ரி.யை அரை மணிக்கொரு தரம் நான்கு முறை கொடுத்தும் மனவிளைவு மங்கவில்லை என்று ஸ்ட்ராஸ்மன் குழு 1996இல் காட்டியது. மெஸ்கலினுக்கு அப்படி இல்லை, அடுத்தடுத்த நாள் எடுத்தால் மங்கிவிடும். அயவாஸ்காவைத் தொடர்ந்து பல இரவு குடிக்கிற சடங்குகள் இருப்பதும் சான் பெட்ரோவில் அது அரிதாக இருப்பதும் இதோடு பொருந்துகிறது.

மட்டுறுத்துநர்

"எவ்வளவு கிராம்" என்று கேட்ட மூன்று பதிவுகள் நீக்கப்பட்டன. அட்டவணை தயாரானதும் வெள்ளவத்தை வாசகன் முதற்பதிவில் இணைக்கலாம். பார்மசிக்காரியின் கடைசிப் பதிவை இழையின் தலையில் நிறுத்தியிருக்கிறேன்.